பொத்தானுக்கு மேலே எழுத வேண்டியவை

2013 டிசம்பரில், கலிபோர்னியாவில் ஒரு சிறு நிறுவனம் இணையத்தில் ஒரே ஒரு பக்கத்தை ஏற்றியது. நிறுவனத்தின் பெயர் ராபின்ஹுட். பங்குகளை வாங்கி விற்பதற்கான மொபைல் செயலி ஒன்றை அது உருவாக்கிக்கொண்டிருந்தது. செயலி இன்னும் வெளிவரவில்லை. பக்கத்தில் இருந்தது மிகக் கொஞ்சம். பங்கு வர்த்தகத்துக்குத் தரகு பூஜ்யம் டாலர், இனி ஒவ்வொரு முறையும் 10 டாலர் வரை கொடுக்க வேண்டாம் என்ற செய்தி, மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கட்டம், ஒரு பொத்தான். முகவரி கொடுத்தவருக்கு அடுத்த திரையில், வரிசையில் தனக்கு முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்பது தெரியும். நண்பர்களைச் சேர்த்துவிட்டால் வரிசையில் முன்னேறலாம். 2015 மார்ச்சில் செயலி பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதற்குள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தார்கள்.

செயலிக்கான லேண்டிங் பேஜை, அதாவது வருபவரை ஒரே செயலை நோக்கி அழைக்கும் இதுபோன்ற அறிமுகப் பக்கத்தை, வடிவமைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்தப் பக்கத்தை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். காட்டத் தகுந்ததுதான். ஆனால் பெரும்பாலும் 10 லட்சம் என்ற எண்ணோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு நடந்ததையும் சேர்த்துப் படித்தால், இந்த வடிவமைப்பு முறையின் பலம் எதுவோ அதிலிருந்தேதான் அதன் மிகப் பெரிய குறையும் பிறக்கிறது என்பது தெரியும்.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் 500 செயலிகளோடு திறந்தது. அன்று கடையில் இடம் கிடைத்தாலே பலர் கண்ணில் பட்டுவிடலாம். இன்று அங்கே லட்சக்கணக்கான செயலிகள். கடை ஒவ்வொருவருக்கும் தரும் இடமோ குறுகியது: ஆப் ஸ்டோரில் பெயருக்கு 30 எழுத்து, துணைத்தலைப்புக்கு 30 எழுத்து, கூகுள் பிளேயில் சுருக்க விவரத்துக்கு 80 எழுத்து. உங்கள் செயலியைத் தேடி வந்தவருக்குப் போட்டியாளரின் செயலியையும் கடை காட்டும். சொந்தப் பக்கத்தில் இந்தக் கட்டுகள் கிடையாது. செயலி யாருக்காக, எந்தத் தொல்லையைத் தீர்க்கிறது என்பதை அங்கே விரித்துச் சொல்லலாம். சந்தாவை நேரடியாக விற்கலாம். கடை வழியாக விற்றால் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை கடைக்குப் போகும் என்பதால் இது சிறிய விஷயமல்ல. 2018-இன் இறுதியில் நெட்ஃபிளிக்ஸ் ஐபோன் செயலிக்குள் புதிய சந்தாதாரர்களிடம் பணம் வாங்குவதை நிறுத்திக்கொண்டதற்குப் பின்னாலும் இந்தக் கணக்கு இருந்ததாகவே பலரும் கருதினார்கள்.

இவை வியாபார நன்மைகள். இவற்றைவிட நான் மதிப்பது இன்னொன்று. ஒரு செயலியைத் தலைப்பு வரி ஒன்றில் சொல்ல உட்காரும்போது அதை உருவாக்குபவர்களுக்கே தெளிவு பிறக்கிறது. மூன்று வேலைகளைச் செய்யும் செயலிக்கு எந்த வேலையைத் தலைப்பில் வைப்பது என்று ஒரு குழு வாக்குவாதம் செய்கிறது என்றால், அந்தச் செயலி யாருக்காக என்பதே அங்கு இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். ராபின்ஹுட்டில் அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுவரை அமெரிக்கத் தரகு நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதை இயல்பானது என்று எடுத்துக்கொண்டவர்களிடம், அது ஏன் பூஜ்யமாக இருக்கக் கூடாது என்று ஒரே வரியில் கேட்டது அந்தப் பக்கம். 2019 அக்டோபரில் சார்லஸ் ஷ்வாப், டிடி அமெரிட்ரேட், இ-டிரேட் ஆகிய பெரிய நிறுவனங்கள் சில நாள் இடைவெளியில் தங்கள் தரகையும் பூஜ்யமாக்கின. பக்கத்தில் இருந்த வாக்குறுதி ஒரு தொழிலின் நடைமுறையாகவே மாறியது.

இனி மற்றப் பாதி. 2020 டிசம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் ராபின்ஹுட் மீது நடவடிக்கை எடுத்தது. செயலியில் ஒருவர் "வாங்கு" என்று அழுத்தினால் அந்த ஆர்டர் நேராகப் பங்குச் சந்தைக்குப் போய்விடுவதில்லை. தரகு நிறுவனம் அதைப் பெரிய வர்த்தக நிறுவனங்களுக்கு அனுப்பும். அவை அந்த ஆர்டரை நிறைவேற்றிக் கொடுத்து, ஆர்டரை அனுப்பியதற்காகத் தரகு நிறுவனத்துக்குப் பணமும் தரும். அமெரிக்காவில் இது சட்டவிரோதமல்ல. ராபின்ஹுட்டின் மிகப் பெரிய வருமானம் இதிலிருந்துதான் வந்தது. ஆனால் 2015 முதல் 2018-இன் பிற்பகுதி வரை, எப்படிப் பணம் சம்பாதிக்கிறோம் என்று வாடிக்கையாளர்களுக்கு விளக்கிய தன் இணையதளத்தின் கேள்வி-பதில் பக்கங்களில் இந்த வருமானத்தை அந்த நிறுவனம் சொல்லாமல் விட்டது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. ஆர்டர்களை அனுப்ப அது வாங்கிய தொகை வழக்கத்தைவிட அதிகம். அதனால் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த விலை மற்றத் தரகர்களிடம் கிடைத்ததைவிட மோசம். தரகு கொடுக்காததால் மிச்சமான பணத்தைக் கழித்த பிறகும் அவர்கள் மொத்தமாக 3.41 கோடி டாலர் இழந்தார்கள் என்று ஆணையம் கணக்கிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் ராபின்ஹுட் 6.5 கோடி டாலர் அபராதம் கட்டியது.

"தரகு பூஜ்யம்" என்ற வரியில் பொய் எதுவும் இல்லை. தரகு உண்மையிலேயே பூஜ்யம்தான். அதனாலேயே இந்த வழக்கு யோசிக்க வைக்கிறது. பொய் சொல்லும் பக்கத்தைக் கண்டிக்க விமர்சகர் தேவையில்லை, சட்டம் போதும். இங்கே பக்கம் சொன்னது உண்மை. வாடிக்கையாளர் செலுத்திய விலை வேறோர் இடத்தில் இருந்தது. அதைச் சொல்ல அந்த வடிவத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை. "தரகு வாங்க மாட்டோம்; உங்கள் ஆர்டர்களை அனுப்புவதற்காக மற்றவர்களிடம் பணம் வாங்குவோம்" என்று இரண்டாவது வாக்கியம் ஒன்றைச் சேர்த்திருந்தால் பக்கம் கெட்டுப்போயிருக்காது. ஆனால் இந்தத் தொழிலில் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம் அந்த வாக்கியத்தை வெட்டத்தான் சொல்லும். பார்ப்பவரைத் தயங்கவைக்கும் எதையும் நீக்கு என்பது அங்கே முதல் விதி.

இந்த விதியை நான் முழுக்க மறுக்கவில்லை. தயக்கத்தில் இரண்டு வகை உண்டு. திறக்கவே நேரம் எடுக்கும் பக்கம், எட்டுக் கேள்வி கேட்கும் படிவம், என்ன சொல்கிறது என்று புரியாத தலைப்பு, விரலுக்கு அகப்படாத சின்னப் பொத்தான் ஆகியவற்றால் வரும் தயக்கம் யாருக்கும் பயனில்லாதது. அதை நீக்குவது மரியாதை. மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால் மொபைலில் வருபவர்களில் 53 சதவீதம் பேர் விலகிவிடுகிறார்கள் என்று 2016-இல் கூகுள் சொன்னது. அந்த மூன்று விநாடிக்காக ஒரு வடிவமைப்பாளர் படும் பாடு அத்தனையும் நியாயமானது. இன்னொரு தயக்கம் இருக்கிறது. "இலவசம் என்கிறார்களே, இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?", "என் போனில் எதையெல்லாம் பார்ப்பார்கள்?", "ஒரு மாதம் கழித்து எவ்வளவு பிடிப்பார்கள்?" என்று வாசகர் தனக்குள் கேட்டுக்கொள்வது. அது அவருக்கு இருக்கிற கடைசிப் பாதுகாப்பு. லேண்டிங் பேஜ் வடிவமைப்பு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே தடை என்று எண்ணி ஒரே கத்தரியால் வெட்டுகிறது. இந்த நடைமுறை மீதான என் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

ஏன் பிரித்துப் பார்ப்பதில்லை? அளக்கும் விதம் அப்படி. பக்கத்துக்கு நூறு பேர் வந்தால் எத்தனை பேர் பொத்தானை அழுத்தினார்கள் என்பதுதான் இங்கே மதிப்பெண். அந்த அளவுகோலுக்கு நல்ல முகமும் உண்டு. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான பிரசாரத்தில் ஒபாமா குழுவினர் தங்கள் பதிவுப் பக்கத்தை 24 விதமாக மாற்றி மாற்றிக் காட்டி, எது அதிகம் பேரைச் சேர்க்கிறது என்று சோதித்தார்கள். குழுவில் பலர் வீடியோதான் வெல்லும் என்று நம்பினார்கள். வென்றது ஒபாமாவின் குடும்பப் படமும் "மேலும் அறிய" என்ற பொத்தானும். பதிவு விகிதம் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமானது என்று அந்தச் சோதனையை நடத்திய டான் சிரோக்கர் பின்னர் எழுதினார். அனுபவசாலிகளின் ஊகத்தை, வரும் மக்களே திருத்த முடிகிறது என்பது பெரிய நன்மை. மேலதிகாரிக்குப் பிடித்த வண்ணம் என்ற காரணம் அங்கே எடுபடாது.

ஆனால் அழுத்தியவரை மட்டும் எண்ணும் அளவுகோல் அழுத்தாமல் போனவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கூகுளின் சமூக வலைத்தளமாக இருந்த கூகுள் பிளஸ் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து 2015 ஜூலையில் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. மொபைலில் அதன் தளத்துக்கு வந்தவர்களுக்கு முதலில் திரையை முழுதாக மறைத்து, செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லும் ஒரு பக்கம் வந்தது. 9 சதவீதம் பேர் பொத்தானை அழுத்தினார்கள். விளம்பரத் தொழிலில் இது கொண்டாடக்கூடிய எண். ஆனால் 69 சதவீதம் பேர் செயலிக்கும் போகவில்லை, தளத்துக்கும் போகவில்லை, அப்படியே வெளியேறிவிட்டார்கள். அந்த முழுத்திரையை எடுத்துவிட்டுச் சிறிய பட்டை ஒன்றை மட்டும் வைத்தபோது, மொபைல் தளத்தை ஒரு நாளில் பயன்படுத்துவோர் 17 சதவீதம் கூடினார்கள். ஐபோனில் செயலியை நிறுவுவது வெறும் 2 சதவீதம் குறைந்தது. அதாவது அந்தப் பெரிய பக்கம் செயலிக்குப் புதிதாகக் கொண்டுவந்தவர்கள் அநேகமாக யாருமில்லை. வாசலில் நின்று துரத்தியவர்கள்தான் ஏராளம். அந்த ஆண்டு நவம்பர் முதல், இப்படி முழுத்திரையை மறைத்துச் செயலியைத் திணிக்கும் பக்கங்களை மொபைலுக்கு ஏற்றவையாகக் கருத மாட்டோம் என்று கூகுள் அறிவித்தது.

அதே 2015-இல் இந்தியாவில் ஒரு நிறுவனம் இந்தத் தர்க்கத்தின் கடைசி எல்லை வரை போய்ப் பார்த்தது. மே 15 அன்று மிந்த்ரா தன் இணையதளத்தை மூடிவிட்டு, செயலி மட்டுமே என்றாகியது. உடை வாங்கக் கணினியில் அந்த முகவரிக்குப் போனவர்களுக்குக் கடைக்குப் பதிலாகச் செயலியை இறக்கச் சொல்லும் பக்கமே வந்தது. ஒரு பெரிய கடை முழுக்க ஒற்றை லேண்டிங் பேஜாகச் சுருங்கிய அபூர்வமான சோதனை அது. 2016 ஜூன் 1 அன்று கணினித் தளம் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட்டும் தான் மூடிய மொபைல் தளத்தை 2015 நவம்பரிலேயே ஃபிளிப்கார்ட் லைட் என்று புது வடிவில் கொண்டுவந்துவிட்டது. வாங்க வந்தவர் எந்த வழியாக வர விரும்புகிறார் என்பதை அவரே தீர்மானிப்பார் என்று ஏற்றுக்கொள்ள இந்த நிறுவனங்களுக்கு ஓராண்டு வரை தேவைப்பட்டது.

இந்தப் பக்கங்களுக்கான ஆயத்த வார்ப்பு (டெம்ப்ளேட்) பற்றியும் பேச வேண்டும். சாய்ந்து நிற்கும் போன் படம், அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வாக்குறுதி, கீழே மூன்று சின்னங்களோடு மூன்று வசதிகள், சிரித்த முகங்களோடு நாலு பாராட்டு, கடைசியில் ஆப் ஸ்டோர், கூகுள் பிளே அடையாளங்கள். எந்தச் செயலிக்கும் இன்று இதே அடுக்குதான். ஆயத்த வார்ப்புகளை ஒரு மாலைக்குள் நிரப்பி ஏற்றிவிடலாம். சிறிய ஊரில் இருந்து செயலி செய்பவருக்கு இது உண்மையான உதவி. டிசைனருக்குக் கொடுக்கப் பணமில்லாதவரின் பக்கமும் பெரிய நிறுவனத்தின் பக்கம்போலத் தோன்றுகிறது. மோசடிக்காரரின் பக்கமும் அப்படியே தோன்றுகிறது என்பதுதான் சிக்கல். ஒரு காலத்தில் நேர்த்தியான பக்கம் என்றால் பின்னால் பொறுப்பான நிறுவனம் இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். அந்த அடையாளம் இப்போது செல்லாது.

நம் நாட்டில் இதற்கு மிகக் கசப்பான சாட்சி கடன் செயலிகள். ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, 2021-இன் முதல் இரு மாதங்களில் இந்தியர்களுக்குக் கிடைத்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளைப் பார்த்து, அவற்றில் 600 வரை சட்டவிரோதமானவை என்று கண்டது. சில நிமிடங்களில் கடன், ஆவணம் வேண்டாம் என்ற வாக்குறுதி, ஒரு பொத்தான்: வடிவமைப்புப் பாடத்தின்படி இப்படிப்பட்ட பக்கத்தில் குறை சொல்ல எதுவும் இருக்காது. நிறுவியவுடன் போனில் உள்ள தொடர்பு எண்கள் அத்தனையையும் செயலி எடுத்துக்கொள்ளும் என்பதையும், தவணை தவறினால் உறவினருக்கும் உடன் வேலை செய்பவருக்கும் அழைப்பு போகும் என்பதையும் மட்டும் அது சொல்லாது. பலர் மானம் போனது, சிலர் உயிரே போனது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகள் இரண்டு இடங்களில் கைவைத்தன. தொடர்பு எண்கள், அழைப்பு விவரங்கள், படங்கள் ஆகியவற்றைக் கடன் செயலிகள் தொடக் கூடாது. ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதச் செலவு என்பதைச் சொல்லும் தகவல் தாளைக் கடன் ஒப்பந்தத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். கவனித்துப் பாருங்கள்: பக்கங்கள் மறைத்த அதே இரண்டு விஷயங்களை, போனிலிருந்து எடுப்பதையும் உண்மையான விலையையும், சட்டம் வந்துதான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பெயர் சொல்லித் தடை செய்தது. பொய்யான அவசரம், மறுப்பவரைக் கூச வைக்கும் சொற்கள், சந்தாவிலிருந்து வெளியே வர முடியாத பொறி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இறங்குமுகமாக ஓடும் போலிக் கடிகாரமும், "வேண்டாம், எனக்குச் சேமிப்பில் அக்கறை இல்லை" என்ற வெளிறிய வரியும் இனி ரசனைக் குறைவு மட்டுமல்ல, விதிமீறலும்கூட. ஆனால் தடைப் பட்டியலால் ஒரு எல்லை வரைதான் போக முடியும். சொன்ன பொய்யை அது பிடிக்கும். ராபின்ஹுட் பக்கத்தில் இருந்ததுபோன்ற, உண்மையான வரிக்குப் பக்கத்தில் எழுதப்படாமல் விட்ட வரியை அது எளிதில் பிடிக்காது.

இந்தத் தகவல்கள் கடையிலேயே இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். இருக்கின்றன. எந்தத் தரவை எடுக்கிறோம் என்ற விவரத்தை 2020 டிசம்பர் முதல் ஆப்பிளும், 2022 முதல் கூகுள் பிளேயும் கேட்டு வாங்கிக் காட்டுகின்றன. ஆனால் லேண்டிங் பேஜ் வழியாக வருபவர் கடைக்குள் நுழையும்போதே மனதளவில் முடிவெடுத்துவிட்டார். கடையின் பக்கத்தில் கீழே உருட்டிப் படிக்கும் பொறுமையை லேண்டிங் பேஜ் ஏற்கெனவே கரைத்துவிட்டது. அதற்காகத்தானே அது கட்டப்பட்டது?

தமிழில் வரும் பக்கங்களைப் பற்றிக் கொஞ்சம். வார்ப்புகள் ஆங்கில எழுத்தின் அளவுக்கு வெட்டப்பட்டவை. நம் சொற்கள் நீளமானவை, பொத்தானில் இரண்டு வரியாக உடைகின்றன. வரிகளை நெருக்கி வைத்தால் மேல்வரியின் "கூ", "ழு" கால்கள் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கின்றன. வடிவமைப்பு மென்பொருளில் சரியான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கும். இதையெல்லாம் சரிசெய்யச் சோம்பல்பட்டுத் தமிழ்த் தலைப்பைப் படமாக ஒட்டிவிடுகிறார்கள். பக்கம் கனத்துவிடுகிறது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் படம். இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு: வாக்குறுதி தமிழில் இருக்கும், விலையும் நிபந்தனையும் அனுமதிகளும் ஆங்கிலத்தில், சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் இருக்கும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவரை உள்ளே அழைத்துவிட்டு, அவர் தெரிந்துகொள்ள வேண்டியதை அவருக்குத் தெரியாத மொழியில் வைப்பது பெரிய அநியாயம்.

நேர்மையான பக்கத்துக்கு ஆள் வராது என்ற பயம் பரவலாக இருக்கிறது. அதற்கு எதிரான ஓர் உதாரணம் 2010-இலேயே உண்டு. பஃபர் என்ற சேவையைத் தொடங்கிய ஜோயல் காஸ்காய்ன், அதை எழுதத் தொடங்கும் முன் ஒரு பக்கத்தை ஏற்றினார். பொத்தானை அழுத்தினால், இன்னும் தயாராகவில்லை, முகவரி கொடுங்கள், சொல்கிறேன் என்று அடுத்த பக்கம் நேராகச் சொல்லும். பிறகு இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது பக்கம் ஒன்றைச் செருகினார்: இலவசம் எது, கட்டணம் எவ்வளவு என்று விலைகளைக் காட்டும் பக்கம். வழக்கமான பாடத்தின்படி அது தடை. ஆனால் விலையைப் பார்த்த பிறகும் மக்கள் வந்தார்கள், சிலர் கட்டணத் திட்டத்தையே தேர்ந்தெடுத்தார்கள். இவர்கள் விலை தெரிந்து வந்தவர்கள் என்பதால் அந்த எண்ணிக்கையை நம்பித்தான் அவர் வேலையைத் தொடங்கினார். வெறும் முகவரிகளின் பட்டியலைவிட அது சிறியதாக இருக்கலாம், அவருக்குப் பயன்பட்டது அதுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒரு செய்தி, ஒரு செயல் என்று சுருக்கும் ஒழுங்கை லேண்டிங் பேஜ் விடக் கூடாது. அந்த ஒழுங்கு இல்லாத பக்கங்கள் வாசகரின் நேரத்தை வீணாக்குகின்றன. ஆனால் படித்து முடித்த ஒருவர் "இது எனக்கு வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாத பக்கத்தை, அதன் அழுத்தல் விகிதம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நல்ல பக்கம் என்று நான் ஏற்க மாட்டேன். செயலி செய்யும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இதற்கு எவ்வளவு செலவாகும், உங்களுக்கு வருமானம் எங்கிருந்து, போனில் எதைத் தொடுவீர்கள் என்ற மூன்றையும் தலைப்பை எழுதிய அதே மொழியில், அதே அளவு தெளிவாக, பொத்தானுக்கு மேலே எழுதுங்கள். நாலு வரி போதும். பயன்படுத்துபவர்களும் அந்த நாலு வரியைத் தேடிப் பார்த்த பிறகே விரலை வையுங்கள்.